செத்த ஏரி என்று நான் எழுதியது

எங்கள் ஆபீஸின் மேலதிகாரி வரதராஜன் சார் கோப்பைத் திருப்பி என் பக்கமாகத் தள்ளினார். கடைசித் தாளின் அடியில் என் கையெழுத்து இருந்தது. அதன்மேல் அவர் விரல் இருந்தது. நகத்தைச் சுத்தமாக வெட்டி வைத்திருந்தார்.

"இது யார் கையெழுத்தும்மா?" என்று கேட்டார்.

என்னுடையது என்றேன்.

மேஜையின் இடது ஓரத்தில், அன்று காலை நான் கொண்டுவந்து வைத்த இரண்டாவது அறிக்கை கிடந்தது. ஐந்து நாள் உட்கார்ந்து எழுதியது. அதை அவர் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பியூன் யாருடைய சைக்கிளுக்கோ காற்றடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றதும் சார் கேட்டார்:

"ரெண்டுல எதும்மா நெஜம்?"

"ரெண்டுமே நெஜம் சார்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. கணக்கில் தப்புப் பண்ணிய குழந்தையைப் பார்த்து வாத்தியார் சிரிப்பாரே, அந்த மாதிரி.

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டைப் பற்றியும் சர்ச் பாடகர் குழுவைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, உங்கள் உத்தியோக வாழ்க்கையில் வருத்தப்படும்படி ஒன்றுமே நடக்கவில்லையா என்று கேட்டு எழுதியிருக்கிறார். எல்லாம் இனிப்பாகவே இருக்கிறதாம்.

நடந்தது. எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

மஸ்லின் வலை

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். விலங்கியல் படித்த பெண்ணுக்குப் பள்ளிக்கூட வேலைதான் என்று எல்லோரும் நினைத்த காலம். எனக்கு மீன் வளர்ப்பு சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். ஊரைச் சுற்றியுள்ள ஏரிகளில் தண்ணீர் எடுத்து வந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று எழுத வேண்டும்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. சேற்றில் இறங்குவதற்கா காலேஜுக்கு அனுப்பினேன் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அம்மா பழைய மஸ்லின் துணியைக் கூம்பாகத் தைத்து எனக்கு ஒரு வலை செய்து கொடுத்தாள். அலுவலகம் கொடுத்த வலையைவிட அது நன்றாக இருந்தது.

லேடீஸ் சைக்கிளில் அல்சூர் வழியாகப் போய், ஜோகுபாளையத்தைத் தாண்டித் தொம்மலூர்ப் பக்கம் திரும்பினால் வயல்கள் வரும். அங்கேதான் புளியேரி. கரையில் பெரிய புளியமரங்கள் நின்றதால் அந்தப் பெயர். கன்னடக்காரர்கள் ஹுணசெ கெரெ என்பார்கள்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் எந்த ஏரியும் தனியாக இருந்ததில்லை. மேலே ஓர் ஏரி நிரம்பிக் கோடி, அதாவது கலங்கல், வழிந்தால், அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியே அடுத்த ஏரிக்கு வரும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. மழைக் காலத்தில் தண்ணீரோடு மீனும் தவளையும் நத்தையும் ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோகும்.

புளியேரிக் கரைக்குக் கீழே இருபது வீடுகள் இருந்தன. அதில் ஒன்று கன்னியம்மாவுடையது. அவர் கணவர் கோவிந்தன் கட்டட வேலைக்குப் போகிறவர். கன்னியம்மா ஏரி ஓரத்து ஈரத்தில் ஆரைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் பறித்து அல்சூர் சந்தையில் விற்பார். ஆறு வாத்துகள் வளர்த்தார்.

நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை "நீ" என்றுதான் பேசினேன். ஆபீஸ் உத்தியோகம் அப்படிப் பேச வைத்தது. எழுதும்போதாவது அவர் என்று எழுதுகிறேன்.

ஒருநாள் என் பாட்டிலைக் கைலென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, "இத்தினி பூச்சியையா நாங்க குடிக்கிறோம்?" என்று கேட்டார். பிறகு தானே சிரித்து, "குடிச்சும் நல்லாத்தானே கீறோம்" என்றார்.

டிரம்கள் வந்த காலை

சீக்கிரம் பெரிதாக வளரும் மீன்குஞ்சுகளை வெளியூரிலிருந்து கொண்டுவந்து புளியேரியில் விடுவதாகத் திட்டம். விராலும் கெளுத்தியும் இருந்தால் குஞ்சுகளைத் தின்றுவிடும். ஆகவே முதலில் ஏரியில் இருப்பதை மருந்து போட்டுக் கொன்றுவிட்டுப் பிறகு குஞ்சுகளை விட வேண்டும். அப்போது இது புதுமையான, விஞ்ஞானபூர்வமான முறை. நானும் அப்படித்தான் நம்பினேன்.

கோடைக்காலம். ஏரியில் பாதிக்கும் குறைவாகவே தண்ணீர். கயிற்றில் கல் கட்டி ஆழம் அளந்து எழுதிக் கொடுத்தவள் நான்தான். ஆனால் டிரம்களுக்கு அதற்கு முன்பே எழுதிப் போட்டிருந்தார்கள், நிரம்பிய ஏரிக்கு உரிய கணக்கில்.

பாதி போதும் சார் என்றேன்.

"மீதியத் திருப்பி அனுப்பினா ஏன், எதுக்குன்னு ஆயிரம் கேள்வி வரும். ஊத்தச் சொல்லு" என்றார் வரதராஜன் சார்.

ஊற்றினார்கள்.

ஒரு மணி நேரத்தில் விரால்கள் தண்ணீரை விட்டுத் துள்ளிக் கரையில் விழுந்தன. பிறகு கெளுத்தி, கெண்டை. பிறகு தவளைகள் கால்களை நீட்டி மல்லாந்து மிதந்தன. தண்ணீர்ப் பாம்பு ஒன்று தன்னையே சுற்றிக்கொண்டு சுழன்றது. மதியத்துக்குள் ஏரி ஓரம் முழுக்க வெள்ளை வயிறுகள். நான் பாட்டிலில் அள்ளிய தண்ணீரில் எதுவும் அசையவில்லை. கன்னியம்மாவின் வாத்துகள் செத்த பூச்சிகளைத் தின்றுவிட்டு ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தொங்கப்போட்டன.

வாத்துகளுக்கு என்ன ஆச்சு என்று கன்னியம்மா கேட்டார். மருந்து என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. நாங்கள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டோம்.

இரண்டு மாதம் கழித்து லாரியில் டின் டின்னாகக் குஞ்சுகள் வந்தன. வேட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர் முதல் டின்னைக் கவிழ்த்தார். கைதட்டினார்கள். மறுநாள் காலை அத்தனையும் மிதந்தன. தண்ணீரில் விஷம் இன்னும் தீரவில்லை.

இதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே. வரதராஜன் சார் என்னைக் கூப்பிட்டார். ஏரியில் இப்போது என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதச் சொன்னார். காரணத்தை யாரும் கேட்கவில்லை என்றார்.

"இந்த ஏரியில் உயிருள்ளவை எதுவும் தென்படவில்லை. உயிர் வாழ்வதற்கு ஏற்ற நீர் அல்ல. மீன் வளர்ப்புக்குத் தகுதியற்றது." இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு அன்று நன்றாகத் தூங்கினேன்.

பச்சைத் தண்ணீர்

மழை வந்ததும் ஏரி பச்சையாயிற்று. பாசிப் பச்சை இல்லை. பெயின்ட் கலக்கியது மாதிரி, பார்க்கவே கூசும் பச்சை. கையை விட்டால் விரல்கள் தெரியாது. வெயில் ஏறினால் அழுகிய முட்டை நாற்றம்.

ஆபீஸைப் பொறுத்தவரை புளியேரி முடிந்துபோன விஷயம். எனக்குத்தான் விட மனம் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அதற்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்தேன்.

அந்தப் பச்சை ஏன் என்பது மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத பாசித் துகள்கள் கோடிக்கணக்கில் பெருகியிருந்தன. முன்பு அவற்றைத் தின்பதற்குப் பொடிப்பொடியான தண்ணீர்ப் பூச்சிகள் இருந்தன. மருந்து முதலில் கொன்றது அந்தப் பூச்சிகளைத்தான். தின்ன வாய் இல்லாததால் பாசி பெருகியது, பெருகியது செத்தது, செத்தது நாறியது.

அடுத்து கொசு. கூத்தாடிப் புழுக்கள் ஓரத்தில் கறுப்பாக மொய்த்தன. அவற்றைத் தின்னும் மீனும் இல்லை, தும்பிக் குஞ்சும் இல்லை. அந்த வருஷம் கரைக்குக் கீழே வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். கன்னியம்மா நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கீரை பறிப்பதை அவர் நிறுத்திவிட்டார். வேறு இடத்தில் கட்டுகளாக வாங்கி விற்றார்.

திரும்பி வந்தவை

இரண்டாம் மழையில் மேலேயிருந்த ஏரி கோடி வழிந்தது. வாய்க்கால் வந்து சேரும் மூலையில், ஒரு கட்டில் அகலத்துக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. அம்மாவின் வலையை அங்கே இழுத்தேன். கடுகு அளவில், துள்ளித் துள்ளி நீந்தும் பூச்சிகள். நான்கைந்துதான். அவற்றின் வயிறு பச்சையாக இருந்தது. பாசியைத் தின்ன ஆள் வந்துவிட்டது.

கரையில் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

அதன்பிறகு வாரத்துக்கு வாரம் நோட்டு நிரம்பியது. கட்டில் அகலம் களத்து அகலம் ஆனது. மல்லாந்து நீந்தும் பூச்சிகள் எங்கிருந்தோ பறந்து வந்து இறங்கின. தும்பிகள் முட்டையிட்டன. வயல்களிலிருந்து தவளைகள் வந்தன. தவளை வந்த மாதத்தில் பாம்பு வந்தது. அயிரையும் பொடிக் கெண்டையும் வாய்க்காலோடு வந்தன. கூத்தாடி குறைந்தது. கொசு குறைந்ததை நோட்டைப் பார்க்காமலே கன்னியம்மா சொன்னார். மூன்றாம் வருஷம் முக்குளிப்பான் ஒரு ஜோடி கூடு கட்டியது.

காலேஜில் எங்கள் பேராசிரியர் இயற்கையின் சமநிலை என்று எழுதி, பலகையில் ஒரு தராசு வரைவார். இரண்டு தட்டும் நேராக நிற்கும். புளியேரியில் நான் பார்த்தது தராசு இல்லை. எதுவும் நிலையாக நிற்கவில்லை. ஒரு மாதம் தலைப்பிரட்டை எக்கச்சக்கம், அடுத்த மாதம் அவற்றைத் தின்ன வந்தவை எக்கச்சக்கம், பிறகு அவையும் குறைந்தன. எல்லாம் எல்லாவற்றையும் தின்றன. ஆனால் எதுவும் எதையும் மிச்சமில்லாமல் தின்று தீர்க்கவில்லை. அதைச் செய்தது நாங்கள் மட்டும்தான், ஒரே காலையில், டிரம்களை வைத்துக்கொண்டு.

இன்னொன்றும் புரிந்தது. புளியேரி தன்னந்தனியாகப் பிழைக்கவில்லை. மேலே ஒரு நல்ல ஏரி மிச்சமிருந்தது, வாய்க்கால் அடைபடாமல் இருந்தது. அதனால்தான் பிழைத்தது.

ஆரைக்கீரை ஓரத்தில் நாலு இலை விட்டுத் தழைத்தபோது கன்னியம்மா கேட்டார்: "இப்ப துன்னலாமா டீச்சரம்மா?"

தின்னலாம் என்றேன். அவர் முதல் கட்டை எனக்குக் கொடுத்தார். அம்மா பருப்புப் போட்டுக் கடைந்தாள். அப்பாகூட இன்னொரு கரண்டி கேட்டார்.

கொடிக் கம்புகள்

அந்த வருஷமே ஒரு சனிக்கிழமை, ஏரி ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்புகள் நட்டிருந்தன. சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். ஊர் தொம்மலூர்ப் பக்கம் வளர்ந்துவிட்டதாம், வீட்டு மனைகள் வேண்டுமாம். உயிருள்ள ஏரியைத் தொட மாட்டார்கள், பயப்படாதே என்று கன்னியம்மாவிடம் சொன்னேன். திங்கட்கிழமை ஆபீஸில் விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஏரியை உடைக்கலாம் என்பதற்கு ஆதாரமாக அவர்கள் வைத்திருந்தது என்னுடைய அறிக்கை. பயனற்ற, செத்த ஏரி.

ஐந்து நாளில் இரண்டாவது அறிக்கை எழுதினேன். நோட்டில் இருந்த எல்லாவற்றையும் போட்டேன். என்ன மருந்து, எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு ஊற்றியிருக்க வேண்டும் என்பதையும் போட்டேன். அதை எடுத்துக்கொண்டுதான் அன்று வரதராஜன் சார் அறைக்குப் போனேன்.

இரண்டும் நிஜம் என்று நான் சொன்னதற்குச் சிரித்தவர், சிரித்து முடித்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இரண்டாவது அறிக்கையை மேலே அனுப்பலாம், அவருக்கு ஆட்சேபனை இல்லை. அனுப்பினால், முதல் அறிக்கையில் காரணத்தை ஏன் மறைத்தாய் என்று என்னைத்தான் கேட்பார்கள். டிரம்மை ஊற்றச் சொன்னது வாய்மொழி. அதற்குத் தாள் கிடையாது. தாள் இருப்பது என் கையெழுத்துக்கு மட்டும்தான்.

"உத்தியோகம் நிரந்தரமாகிற லிஸ்ட்ல உன் பேர் இருக்கு. நான்தான் எழுதினேன். உங்கப்பாவுக்குக் கண்ணு வேற சரியில்லன்னு சொன்ன. யோசிச்சுக்கோம்மா. நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல."

உண்மையில் அவர் கட்டாயப்படுத்தவில்லை. அதை மறக்க முடியவில்லை. மிரட்டியிருந்தால் இன்று என்னைக் கொஞ்சம் மன்னித்துக்கொண்டிருப்பேன்.

மேஜையின் இடது ஓரத்திலிருந்து என் அறிக்கையை நானே எடுத்தேன். நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன். தேங்க்யூ சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆம், தேங்க்யூ என்றுதான் சொன்னேன்.

கரையில்

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமையும் போனேன். பழக்கம்.

கரையில் இருபது வீட்டு ஜனங்களும் நின்றிருந்தார்கள். நடுவில் சர்வேயர், கன்னடக்காரர், மரியாதையான மனிதர். கன்னியம்மா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"இவங்க படிச்சவங்க. வாரா வாரம் வந்து பாக்குறாங்க. இவங்கள கேளுங்க சாமி, இதுல மீனு கீதா இல்லியான்னு" என்றார். பிறகு அதையே கன்னடத்திலும் சொன்னார்.

சர்வேயர் கையிலிருந்த தாள்களைப் புரட்டி, அறிக்கை எழுதியவர் பெயரைப் படித்தார். அது நீங்கள்தானா மேடம் என்று கன்னடத்தில் கேட்டார்.

எங்களுக்குப் பின்னால் முக்குளிப்பான் ஒன்று தண்ணீரில் மூழ்கிய சத்தம் கேட்டது. எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

"ஹௌது" என்றேன். ஆமாம்.

கன்னியம்மாவுக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகத் தெரியும். என் கையை விட்டார். உதறவில்லை. ஒரு பாத்திரத்தைக் கீழே வைப்பதுபோல மெதுவாக விட்டார்.

தண்ணீரில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது, மருந்தை ஊற்றியது நாங்கள்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அடுத்த மாதம் கரையை வெட்டினார்கள். தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. நான் பார்க்கப் போகவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள், பருந்துகள் ஒரு வாரம் சேற்றின்மேல் வட்டமிட்டனவாம். அடுத்த கோடையில் கரைக்குக் கீழே இருந்த கிணறுகள் வற்றின. ஜனங்கள் ஜோகுபாளையம் பக்கம் ஒண்டக் குடிபோனார்கள். ஏரிப் படுகையில் முதல் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று பலகை வைத்தார்கள்.

எனக்கு வேலை நிரந்தரமானது. வீட்டில் ஜெபம் வைத்து நன்றி சொன்னார்கள்.

சந்தையில்

நான்கைந்து வருஷம் கழித்து, அறுபதுகளின் நடுவில், அல்சூர் சந்தையில் அவரைப் பார்த்தேன். கீரைக் கட்டுகளை ஈரச் சாக்கில் பரப்பி வைத்து உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நெற்றியில் பொட்டு இல்லை.

குனிந்து உட்கார்ந்தேன். கோவிந்தன் எப்போது போனார் என்று கேட்டிருக்க வேண்டும். நான் என் கதையைச் சொன்னேன். இரண்டாவது அறிக்கை ஒன்று எழுதியதை, எல்லா உண்மையும் அதில் இருந்ததை, அதை நானே திரும்ப எடுத்துக்கொண்டதை. மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை "நீங்கள்" என்று பேசினேன்.

அவர் கீரைமேல் தண்ணீர் தெளித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மருந்து ஊத்துன அன்னிக்கு, நீங்கல்லாம் ஜீப்புல போனப்புறம் நாங்க மீனு எடுத்தோம்" என்றார். "எல்லாருந்தான் எடுத்தாங்க. எங்க வூட்டுக்காரருக்குத்தான் ஒத்துக்கல. சாயங்காலமே வலிப்பு. ஆஸ்பத்திரில டாக்டரு இன்னா மருந்து, இன்னா மருந்துன்னு கேட்டுனே இருந்தாரு. பேரு தெரிஞ்சா வைத்தியம் பண்ணுவேன்னாரு."

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"கவர்மென்ட் மீன எடுத்துட்டீங்கன்னு கேசு போட்டா? அந்தப் பயம். நீங்களும் ரெண்டு மாசம் அந்தப் பக்கம் வரல. அப்புறம் அவரு எழுந்து நடந்தாரு, சரியாப் போச்சுன்னு வுட்டுட்டேன். ஆனா அந்த வலிப்பு வந்து வந்து போவும். போன வருசம் வேலை செய்யறப்போ வந்துச்சு. சாரத்து மேல இருந்தாரு."

அந்த மருந்துக்கும் அத்தனை வருஷம் கழித்து வந்த வலிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. இல்லை என்று யாராவது டாக்டர் சொல்வார் என்று பல பேரிடம் கேட்டிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை.

கைப்பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, டிரம்களின்மேல் எழுதியிருந்த மருந்தின் பெயரை எழுதினேன். தமிழிலும் எழுதினேன், இங்கிலீஷிலும் எழுதினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் விளக்கத் தெரியாது. அவரிடம் நீட்டினேன்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத இப்ப நான் யார்கிட்ட காட்டறது, டீச்சரம்மா?" என்றார்.

யாரோ ஒருவர் பொன்னாங்கண்ணி இரண்டு கட்டு கேட்டார். அவர் எடுத்துக் கொடுக்கத் திரும்பினார்.